எழுபது வயதில் தைராய்டு: தவறவிடுவதும் தேவையில்லாமல் துரத்துவதும்

எழுபதைத் தாண்டிய ஒருவர் "முன்ன மாதிரி முடியல" என்று சொன்னால் வீட்டில் யாரும் திடுக்கிடுவதில்லை. குளிர் தாங்கவில்லை, மலம் சரியாகப் போகவில்லை, தோல் வறண்டு வெடிக்கிறது, தெரிந்தவர் பெயரே நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, பகலெல்லாம் கண்ணைச் சொக்குகிறது. எல்லாவற்றுக்கும் வயதைக் காரணம் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் தைராய்டு சுரப்பு குறைந்தவரும் இதே குறைகளைத்தான் சொல்வார். அதனாலேயே நோய் உள்ள முதியவர் பல மாதங்கள், சில சமயம் வருடக்கணக்கில், யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. பிள்ளைகள் சேர்ந்து அப்பா அம்மாவுக்கு மாஸ்டர் செக்கப் செய்துவைக்கிறார்கள். நாலைந்து பக்க ரிப்போர்ட்டில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். என்ற வரியில் 6.2 என்று இருக்கிறது. பக்கத்தில் 'அதிகம்' என்ற குறி, தடித்த எழுத்தில். சரியான அளவு 0.4 முதல் 4.5 வரை என்று அச்சடித்திருப்பதால் வீடே கவலையாகிவிடுகிறது. அடுத்த வாரம் மாத்திரை ஆரம்பம், ஆயுசுக்கும் போட வேண்டும் என்ற அறிவுரையோடு. அந்த அம்மாவுக்கு தைராய்டு நோயே இல்லாமல் இருக்கலாம்.

இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். முப்பது வயதுக்காரருக்கு எழுதிய பாடத்தை அப்படியே எழுபத்தைந்து வயதுக்காரர் மேல் வைத்துப் பார்க்கிறோம். இளம் வயதில் தெரிவது போல அறிகுறிகள் தெரியும் என்று எதிர்பார்ப்பதால் இருக்கிற நோயைக் கோட்டைவிடுகிறோம். இளம் வயதுக்கான எல்லைக்கோட்டை வைத்து எண்ணைப் படிப்பதால் இல்லாத நோய்க்கு மருந்து கொடுக்கிறோம்.

எண் எப்படி மாறுகிறது

கழுத்தின் முன்பக்கம், குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இதயம் எவ்வளவு வேகமாகத் துடிப்பது, குடல் எவ்வளவு சுறுசுறுப்பாக நகர்வது, உடல் எவ்வளவு சூடாக இருப்பது என்று பல வேலைகளின் வேகத்தை இவை தீர்மானிக்கின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இவற்றின் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஹார்மோன் குறைந்தால் டி.எஸ்.எச்.ஐக் கூட்டி தைராய்டை முடுக்கும், அதிகமானால் டி.எஸ்.எச்.ஐக் குறைத்துக்கொள்ளும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் தைராய்டு மந்தம், இறங்கினால் தைராய்டு மிகை. முதல் முறை கேட்பவரை இந்தத் தலைகீழ்க் கணக்கு கொஞ்சம் குழப்பும்.

வயது ஏற ஏற ஆரோக்கியமானவர்களிடமே டி.எஸ்.எச். மெல்ல உயர்கிறது. அமெரிக்காவில் தைராய்டு நோய் இல்லாதவர்களின் ரத்த மாதிரிகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். 20 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் மேல் எல்லை ஏறக்குறைய 3.6. எண்பதைத் தாண்டியவர்களில் அது 7.5. அதாவது இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் யோசிக்க வைக்கும் 6.2, எண்பத்திரண்டு வயதுப் பாட்டியிடம் இயல்பான அளவு. பெரும்பாலான லேப்கள் இரண்டு பேருக்கும் ஒரே எல்லையைத்தான் அச்சடிக்கின்றன. வயதைப் பார்த்து எல்லையை மாற்றி அச்சடிப்பது ஒன்றும் கடினமான வேலை இல்லை. அதைச் செய்யத் தொடங்கினாலே பாதிக் குழப்பம் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

இந்த உயர்வு வெறும் தேய்மானம்தானா என்பதிலும் சந்தேகம் எழுந்திருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் நகரில் 85 வயது நிறைந்த 599 பேரைச் சில வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2004இல் வெளியான முடிவின்படி, டி.எஸ்.எச். சற்று உயர்ந்திருந்தவர்களிடம் இறப்பு கூடவில்லை, குறைவாகவே இருந்தது. இதை வைத்து டி.எஸ்.எச். கூடினால் ஆயுள் கூடும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த எண்ணைக் கட்டாயம் கீழே இறக்கியே ஆக வேண்டும் என்ற அவசரத்துக்கும் ஆதாரம் இல்லை.

இடைப்பட்ட நிலை

டி.எஸ்.எச். கொஞ்சம் அதிகம், டி4 சரியாக இருக்கிறது என்ற நிலையைத்தான் டாக்டர்கள் 'சப்கிளினிக்கல்' என்கிறார்கள். இந்தியாவில் சென்னை உட்பட 8 நகரங்களில் 5,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. அதில் சுமார் 8 சதவீதம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். ஊரெங்கும் டி.எஸ்.எச். பரிசோதனை சல்லிசாகக் கிடைக்கும் காலத்தில் 8 சதவீதம் என்பது மிகப் பெரிய கூட்டம்.

இவர்களில் முதியவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் சோர்வு தீருமா? இந்தக் கேள்விக்கு நேரடியாக விடை தேடியது 'டிரஸ்ட்' என்ற ஐரோப்பிய ஆய்வு. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேர், சராசரி டி.எஸ்.எச். 6.4. பாதிப் பேருக்கு லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து மருந்து எடுத்தவர்களின் டி.எஸ்.எச். 3.63க்கு இறங்கியிருந்தது. எண் அழகாகச் சரியாகிவிட்டது. ஆனால் சோர்வுக்கும் மற்ற அறிகுறிகளுக்கும் போட்ட மதிப்பெண்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. 2017இல் இது வெளியானது. இதையும் பிற ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து, 2019இல் பிஎம்ஜே மருத்துவ இதழின் வல்லுநர் குழு, இந்த நிலையில் உள்ள பெரியவர்களுக்குத் தைராய்டு மாத்திரை வேண்டாம் என்று திடமாகவே பரிந்துரைத்தது. கர்ப்பம் தரிக்க முயலும் பெண்களுக்கும், டி.எஸ்.எச். 20ஐத் தாண்டியவர்களுக்கும், கடுமையான அறிகுறி உள்ளவர்களுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அந்தக் குழு சொன்னது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். டிரஸ்ட் ஆய்வில் டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியவர்கள் மிகக் குறைவு. அதனால் 10க்கு மேல் போனவர்களிடம் அதன் முடிவை அப்படியே வைக்க முடியாது. நடைமுறையில் 10 என்பதுதான் பல டாக்டர்கள் மருந்தைப் பற்றித் தீவிரமாக யோசிக்கும் எல்லை. டிபிஓ என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தால், சுரப்பியை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கிக்கொண்டிருக்கிறது, நாளாவட்டத்தில் சுரப்பு இன்னும் குறையலாம் என்று அர்த்தம். கணக்கில் அதுவும் சேரும்.

முதல் பரிசோதனையில் எண் கூடியிருந்தால் செய்ய வேண்டியது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். இரண்டு மூன்று மாதம் விட்டு, டி4ஐயும் சேர்த்து மறுபடி எடுத்துப் பார்ப்பது. டி.எஸ்.எச். ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், இரவிலும் விடியலிலும் அதிகம், பிற்பகலில் குறைவு. காய்ச்சலிலிருந்து தேறி வரும்போது தற்காலிகமாக உயரும். அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டியவர்களைத் தொடர்ந்து கவனித்த இதயநல ஆய்வு ஒன்றில், 4.5க்கும் 6.9க்கும் இடையில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு இரண்டு வருடத்தில் எந்த மருந்தும் இல்லாமல் எண் தானாகச் சரியானது. 7க்கும் 10க்கும் இடையில் இருந்தவர்களில் அப்படிச் சரியானவர்கள் 10 சதவீதம்தான். ஆக 5.8க்கும் 9.4க்கும் ரிப்போர்ட்டில் ஒரே குறி போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுப்பது இன்னும் ஆபத்து. நிமோனியா, மாரடைப்பு, பெரிய அறுவைச் சிகிச்சை போன்ற சமயங்களில் உடல் தைராய்டு ஹார்மோனைத் தானே குறைத்துக்கொள்ளும், தேறும்போது டி.எஸ்.எச். துள்ளும். உண்மையிலேயே தைராய்டு நோய் என்று சந்தேகிக்க வலுவான காரணம் இல்லாவிட்டால், வீடு திரும்பி ஆறு வாரமாவது கழித்துப் பார்ப்பதே நல்லது.

உண்மையான குறைபாடு கண்ணில் படாமல் போவது

இவ்வளவு சொன்னதால் முதியவர்களுக்குத் தைராய்டு மாத்திரையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டி.எஸ்.எச். நன்றாக ஏறி, டி4 இறங்கிவிட்டவருக்கு மாத்திரை உயிர் காக்கும் மருந்து. 1891இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மரே என்ற இளம் டாக்டர், தைராய்டு முற்றிலும் செயலிழந்து முகம் வீங்கிப் போயிருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அந்தப் பெண் அதன் பிறகு 28 வருடம் வாழ்ந்தார். ஒரு சுரப்பி விட்ட வேலையை வெளியிலிருந்து கொடுத்து ஈடுகட்ட முடியும் என்று காட்டிய முதல் சில வெற்றிகளில் அது ஒன்று. இன்று சின்னப் புட்டியில் கிடைக்கும் எல்ட்ராக்சினும் தைரோநார்மும் அந்தப் பரம்பரைதான்.

முதியவர்களிடம் சிக்கல், நோய் முழு வடிவத்தில் வெளியே தெரிவதில்லை என்பது. இளம் வயதினர் எடை கூடியது, முடி கொட்டுவது, மாதவிடாய்க் கோளாறு, குளிர் என்று நாலைந்து குறைகளோடு வருவார்கள். எழுபதுக்கு மேல் பலருக்குச் சோர்வும் பலவீனமும் மட்டுமே. எடை கூடக் கூடாமல் இருக்கலாம், ஏனென்றால் பசியும் குறைந்திருக்கும். அதனால் வேறு வாசல் வழியாகத்தான் நோய் உள்ளே வருகிறது. இதுவரை கட்டுக்குள் இருந்த கொலஸ்ட்ரால் திடீரென ஏறும். கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டதும் தொடை, கெண்டைக்கால் தசையெல்லாம் வலிக்கும். ரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாற்றம் வரும். குரல் கரகரக்கும், காது மந்தமாகும். நடை தள்ளாடி ஒரு முறை விழுவார். மனச்சோர்வு என்று மாத்திரை ஆரம்பித்து, அதற்கும் பலன் இல்லாமல் இருப்பார்.

மறதிக்காக டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முதியவருக்கும் டி.எஸ்.எச்., வைட்டமின் பி12 இரண்டையும் பார்ப்பது வழக்கம். டிமென்ஷியா போலத் தெரிவதில் ஒரு சிறு பங்கு சரிசெய்யக்கூடிய காரணத்தால் வருவது, அந்தக் காரணங்களில் இவை இரண்டும் முக்கியமானவை. இந்தப் பரிசோதனை செய்யாமலே "வயசாச்சு, மறதிதான்" என்று அனுப்பப்பட்டால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். அதில் தயக்கமே வேண்டாம்.

சிகிச்சையில் அவசரப்படக் கூடாத இடம் இதயம். இளம் வயதினருக்கு எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில், முழு அளவையும் முதல் நாளே ஆரம்பிக்கலாம். முதியவருக்கு, அதுவும் ஏற்கெனவே நெஞ்சுவலி, ஸ்டென்ட் என்று இருப்பவருக்கு, 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பல மாதங்களாக மெதுவாக ஓடிப் பழகிய இதயத்தை ஒரேயடியாக முடுக்கினால் நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ வரும். "25 போட்டு ஒரு மாசமாச்சு, ஒண்ணும் தெரியலையே" என்று சிலர் டாக்டரையே மாற்றிவிடுகிறார்கள். அந்த 25 ஏணியின் முதல் படி மட்டும்தான்.

வேகம் கூடியும் ஓய்ந்து தெரிபவர்கள்

தைராய்டு மிகையானால் கை நடுங்கும், வியர்க்கும், படபடப்பு வரும், கண் பிதுங்கும், ஆள் துருதுருவென்று இருப்பார் என்றுதான் படித்திருக்கிறோம். முதியவர்களிடம் இது அப்படியே தலைகீழாகலாம். 1931இல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஃபிராங்க் லாஹி இதைக் குறித்து எழுதினார். சுரப்பு உச்சத்தில் இருந்தும் முகத்தில் களை இல்லாமல், எதிலும் பற்றில்லாமல், ஒடுங்கிக் கிடக்கும் நோயாளிகளை அவர் கண்டிருந்தார். கழுத்தில் கழலை கூடத் தெரியாமல் இருக்கலாம்.

என் பெரியப்பா இப்படித்தான் இருந்தார். எழுபத்தெட்டு வயது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை என்று பெரியம்மா முடிச்சைப் பின் போட்டுக் குத்திவிடுவார். காலையில் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு படிக்காமலே உட்கார்ந்திருப்பார். எல்லோரும் மனதுக்குள் நினைத்தது புற்றுநோய், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எண்டோஸ்கோபி, வயிற்று ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, எதுவும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து முழுதாக ஒரு நிமிடம் நாடி பார்த்தார். துடிப்பு தாறுமாறாக இருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார், அப்புறம் டி.எஸ்.எச். எழுதினார். அது 0.01க்கும் கீழே. மாத்திரை ஆரம்பித்த பிறகு சாப்பாட்டில் ருசி திரும்பியது, மெதுவாக எடையும் ஏறியது.

அந்தத் தாறுமாறான துடிப்புக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் அதிரும், உள்ளே ரத்தம் தேங்கி உறையும், உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 60 வயதைத் தாண்டிய 2,007 பேரை 10 வருடம் கவனித்ததில், டி.எஸ்.எச். 0.1க்குக் கீழே இருந்தவர்களுக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3 மடங்கு என்று 1994இல் தெரிந்தது. ஆகவே முதியவர் ஒருவருக்கு இந்தத் துடிப்புக் கோளாறு புதிதாகத் தெரிந்தால் டி.எஸ்.எச். பார்க்காமல் விடுவது பெரிய தவறு. எலும்பும் இதில் பாதிக்கப்படும். ஹார்மோன் மிகை எலும்பை வேகமாகக் கரைக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இடுப்பு எலும்பு முறிவு வரை கொண்டுபோகும்.

முதியவர்களிடம் இந்த மிகைக்குப் பொதுவான காரணம் கழலையில் உள்ள முடிச்சுகள். வருடக்கணக்காகச் சும்மா இருந்த முடிச்சுகள் ஒரு கட்டத்தில் பிட்யூட்டரியின் கட்டுப்பாட்டை மீறித் தாங்களாகவே சுரக்கத் தொடங்கும். அயோடின் பற்றாக்குறை இருந்த பகுதிகளில் வளர்ந்தவர்களிடம் இத்தகைய முடிச்சுக் கழலை அதிகம். இந்தியாவில் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கியதே 1962இல்தான். இன்று எழுபதைத் தாண்டியவர்கள் பிறந்து சில வருடங்கள் கழித்துத்தான் அயோடின் உப்பு மெல்ல மெல்லப் பரவியது.

சிகிச்சைக்கு, சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை, கதிரியக்க அயோடின், அறுவை என்று வழிகள் உண்டு. முடிச்சால் வந்த மிகைக்கு, வயதானவரிடம், கதிரியக்க அயோடின் நல்ல தேர்வு. பெயரைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், ஆனால் அது ஒரு முறை விழுங்கும் மருந்து. கார்பிமசோல் எடுப்பவர்களின் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அந்த மாத்திரையை அப்போதே நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அரிதாக அந்த மருந்து வெள்ளை அணுக்களைத் துடைத்துப்போட்டுவிடும், சாதாரணத் தொண்டைவலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

மற்ற மாத்திரைகளோடு மல்லுக்கட்டு

வயதானவர்களின் தைராய்டை அவர்களுடைய மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்காமல் புரிந்துகொள்ள முடியாது. இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மாத்திரையின் எடையில் 37 சதவீதம் அயோடின். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றிலேயே 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. உடலுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம்தான். அந்த வெள்ளத்தில் சிலருக்குச் சுரப்பி படுத்துவிடும், சிலருக்குக் கட்டுக்கடங்காமல் ஓடும். மருந்தை நிறுத்தினாலும் உடலிலிருந்து முழுதாக வெளியேறப் பல மாதங்கள் ஆகும். அமியோடரோன் ஆரம்பிக்கும் முன்பும், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் தைராய்டு பார்க்க வேண்டும். மனநலச் சிகிச்சையில் கொடுக்கும் லித்தியம் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. முடிச்சுக் கழலை உள்ளவருக்கு சி.டி. ஸ்கேனுக்கோ ஆஞ்சியோவுக்கோ ஏற்றும் மருந்திலும் அயோடின் நிறைய உண்டு. அதற்குப் பிறகு சில வாரங்களில் படபடப்போ எடைக்குறைவோ வந்தால் ஸ்கேன் எடுத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

முடி, நகத்துக்கென்று வாங்கும் பயோட்டின் மாத்திரை வேறு ஒரு வகைத் தொல்லை. அது சுரப்பியை ஒன்றும் செய்யாது, ஆனால் சில லேப் முறைகளில் ரிப்போர்ட்டைப் பொய்யாக்கிவிடும். டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும் காட்டும், நோயே இல்லாத ஒருவருக்குத் தைராய்டு மிகை என்று எழுதப்பட்டுவிடும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம் காலை நேரம். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு என்பது எல்லோருக்கும் தெரியும். நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். அம்மா ஐந்தரைக்கு எழுந்து பல் தேய்த்ததும் மாத்திரையை வாயில் போட்டு, டிகாக்‌ஷன் இறங்கிய கையோடு காபி குடிக்கிறார். கூடவே கேஸ் மாத்திரை. டிபனுக்குப் பிறகு கால்சியமும் இரும்புச்சத்தும் பிரஷர் மாத்திரையும். காபி உறிஞ்சுதலைக் குறைக்கும். பான்டோபிரசோல் போன்ற கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் தைராய்டு மாத்திரை சரியாகக் கரையாது. கால்சியமும் இரும்பும் அதைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும், இவற்றுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். எண் ஏறுகிறது என்று அளவை 75, 100, 125 என்று உயர்த்திக்கொண்டே போவார்கள். ஒரு நாள் கால்சியம் நிறுத்தப்படும், அவ்வளவு நாளும் வீணாகிக்கொண்டிருந்த மருந்து மொத்தமாக உள்ளே போகும், படபடப்பு ஆரம்பிக்கும்.

எளிய மாற்று ஒன்று உண்டு. 2010இல் நெதர்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில், இதே மாத்திரையைப் படுக்கப்போகும் நேரத்தில் எடுத்தவர்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டது. இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடிக்கும் பெரியவர்களுக்குப் பத்து மணி மாத்திரை காலைக் காபியோடு சண்டை இல்லாமல் பொருந்தும். டாக்டரிடம் கேட்டுவிட்டு மாற்றலாம். எந்த நேரம் என்பதைவிடத் தினமும் ஒரே நேரம், ஒரே முறை என்பது முக்கியம். மாத்திரையை அது வந்த புட்டியிலேயே, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள், அடுப்பு மேடைக்கு மேலே உள்ள அலமாரியில் வேண்டாம். ஒரு நாள் மறந்தால் பதற வேண்டாம், இந்த ஹார்மோன் உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனைக்குப் பொருள் உண்டு என்பதற்கும் இதுதான் காரணம்.

முடிச்சு என்றதும் புற்றுநோய் இல்லை

கழுத்து ரத்தக் குழாய்க்கு எடுத்த டாப்ளரில் "தைராய்டில் 8 மி.மீ. முடிச்சு" என்று ஒரு வரி வந்துவிட்டால் வீட்டில் தூக்கம் போய்விடுகிறது. வயதானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்கேனில் முடிச்சு தெரியும், மிகப் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. தென் கொரியாவில் தைராய்டு ஸ்கேனைச் செக்கப்போடு சேர்த்துப் பரவலாக்கியதில், 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993ஐவிட 15 மடங்கு ஆனது, ஆனால் அதனால் இறந்தவர்களின் விகிதம் மாறவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் தேவையில்லாமல் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்தார்கள். அறிகுறி இல்லாதவருக்கு தைராய்டு ஸ்கேனைச் செக்கப்பில் சேர்க்காமல் இருப்பதே மேல். ஆனால் வாரக்கணக்கில் கண்ணெதிரே பெரிதாகும் கட்டி, புதிதாக அடைத்த குரல், விழுங்கச் சிரமம், மூச்சிரைப்பு என்றால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. முதியவர்களிடம் அரிதாக வரும் ஒரு வகைத் தைராய்டு புற்றுநோய் மிக வேகமாகப் பரவக்கூடியது.

முப்பது வருடமாக அதே 100

கடைசியாக, அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூட்டத்தைப் பற்றி. நாற்பது வயதில் 100 மைக்ரோகிராமில் ஆரம்பித்து, எழுபத்தைந்திலும் அதே புட்டியை அதே அளவில் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். பழைய சீட்டைக் காட்டினால் மெடிக்கலில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் அன்று 65 கிலோ இருந்தவர் இன்று 50 கிலோ இருக்கலாம், தசை குறைந்திருக்கும், ஹார்மோனை உடல் கழிக்கும் வேகமும் குறைந்திருக்கும். அதே 100 இப்போது அவருக்கு அதிகம். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் 70 வயதைத் தாண்டிய, இந்த மாத்திரை எடுக்கும் 2 லட்சத்து 13 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், அளவு கூடக் கூட எலும்பு முறிவும் கூடியது தெரிந்தது. 2011இல் வெளியான முடிவு இது.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 70 முதல் 80 வயதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரை எடுக்கும்போது டி.எஸ்.எச். இலக்கை 4 முதல் 6 என்று உயர்த்திக்கொள்ளலாம் என்கிறது. ஆகவே எழுபத்தைந்து வயது அம்மாவின் ரிப்போர்ட்டில் 0.3 என்று இருந்தால், "நல்லா கன்ட்ரோல்ல இருக்கு" என்று நிம்மதியடைய வேண்டிய எண் அல்ல அது, அளவைக் குறைப்பது பற்றிக் கேட்க வேண்டிய எண். 5.2 என்று இருந்தால் ஏற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை.

எதற்காக, எந்த எண்ணைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்தார்கள் என்ற பழைய ரிப்போர்ட் கையில் இருந்தால் டாக்டருக்கு வேலை எளிது. அன்று 5.6க்காக ஆரம்பித்தவருக்கு மெல்லக் குறைத்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை பரிசோதித்து, நிறுத்தக்கூட முடியலாம். சுரப்பியை அறுவையில் எடுத்தவருக்கும், கதிரியக்க அயோடின் எடுத்து சுரப்பு நின்றுபோனவருக்கும், தொடக்கத்திலேயே 40, 60 என்று ஏறியிருந்தவருக்கும் அந்தப் பேச்சே கிடையாது. அவர்கள் தாங்களாக மாத்திரையை விட்டுவிட்டு, கூடவே ஒரு நிமோனியாவோ சிறுநீர்த் தொற்றோ வந்தால், உடல் ஜில்லிட்டு, நாடி தளர்ந்து, நினைவு தப்பும் நிலை வரை போகும். மிக்ஸெடிமா கோமா என்கிறார்கள். அரிதுதான், ஆனால் ஐ.சி.யூ.வில் சேர்த்தும் கணிசமானவர்களைக் காப்பாற்ற முடிவதில்லை. தைராய்டு மாத்திரை எடுக்கும் முதியவர் வழக்கத்துக்கு மாறாகக் குழம்பி, மந்தமாகி, உடல் குளிர்ந்து காணப்பட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த மாத்திரைப் புட்டியையும் எடுத்துக்கொண்டு அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.